பாட்டத்துக்கு எடுத்த தோப்பு: சுற்றுச்சூழல் பற்றி இஸ்லாம் சொல்வது என்ன?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டுப் படம் போடும்போது கூடவே ஒரு வரியும் வரும்: “இஸ்லாம் இயற்கையை நேசிக்கச் சொல்லும் மார்க்கம்.” டீக்கடையில் இதற்கு எதிர்ப்பேச்சு ஓடும்: “பூமியில உள்ளது எல்லாம் மனுசனுக்காகப் படைச்சதுதானே, எடுத்தா என்ன?” இரண்டு தரப்பும் ஆளுக்கொரு வசனம் வைத்திருக்கும். முதல் பேச்சு கேட்க இனிமையானது, ஆனால் அதில் யாருக்கும் ஒரு கடமையும் இல்லை. இரண்டாவது, வசனத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

இஸ்லாமியச் சட்ட நூல்களைப் புரட்டினால் இந்த விஷயத்தில் நேசம் என்ற சொல் அதிகம் கண்ணில் படாது. எவ்வளவு எடுக்கலாம், யாருக்கு எதில் பங்கு, எந்த இடத்தில் என் உரிமை அடுத்தவருக்குக் கேடாக மாறுகிறது என்ற கேள்விகள்தான் பக்கம் பக்கமாக வரும். கிணறு, பாதை, மேய்ச்சல் நிலம், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளுவுக்கான தண்ணீர் எல்லாமே அங்கே அளவும் உரிமையுமாகப் பேசப்படுகின்றன. குமரி மாவட்டத்தில் தெரிந்த விஷயங்களைக் கொண்டே அதைப் பார்க்கலாம்.

பாட்டக்காரருக்கு என்ன உரிமை?

ரப்பர் மரங்களைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு விடுவது நம் ஊரில் பழகிய ஏற்பாடு. பாட்டக்காரர் பாலை எடுத்துக்கொள்ளலாம், மரம் அவருடையது அல்ல. பால்வெட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய உயிர்ப்படலம் உண்டு. பால்குழாய்கள் அதை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே கத்தியை ஆழமாக இறக்கினால் இன்றைக்குப் பால் கூடும். ஆனால் படலத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் வெட்டு ஓடாது. அதனால்தான் நல்ல வெட்டுக்காரர் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்கிறார். மரத்தின் பாதிச் சுற்றளவில் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறார்.

அவர் அடங்கி வெட்டுவதற்குக் காரணம் இரண்டு. மரம் இன்னொருவருடையது. பாட்டம் முடியும் நாளில் மரத்தைக் காட்டிக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இஸ்லாம் மனிதனுக்குப் பூமியில் கொடுக்கும் இடமும் இதுதான். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு அமானிதம் என்று பெயர். பிறர் சார்பில் பொறுப்பு வகிப்பவர் கலீஃபா. பூமியில் ஒரு கலீஃபாவை ஏற்படுத்தப்போவதாக இறைவன் வானவர்களிடம் சொன்னதைக் குர்ஆன் 2:30 கூறுகிறது. வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டான் என்கிறது 33:72. “பூமியில் உள்ள அனைத்தையும் உங்களுக்காகப் படைத்தான்” என்ற டீக்கடை வசனமும் உண்மையானதுதான், அது 2:29. ஆனால் அது எடுத்துப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது, பட்டாவைத் தரவில்லை. வானங்களிலும் பூமியிலும் உள்ளவை மட்டுமல்ல, மண்ணுக்கு அடியில் உள்ளதும் இறைவனுக்கே உரியது என்கிறது 20:6. கல் குவாரிக்கும் போர்வெல்லுக்கும் இந்த ஒரு வசனம் போதும்.

சுருக்கமாக: பயன் நமக்கு, உடைமை இறைவனுக்கு, கணக்கு மறுமையில். இனி வரும் சட்டமெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

தராசு என்பது கவிதையா, கணக்கா?

55-ஆம் அத்தியாயம் சூரியனையும் சந்திரனையும் செடியையும் மரத்தையும் சொல்லிவிட்டு, வானத்தை உயர்த்தித் தராசை வைத்ததாகவும், அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்றும் சொல்கிறது (வசனங்கள் 7 முதல் 9 வரை). அரபியில் அதற்கு மீஸான். மேடையில் இதை அழகாக விளக்குவார்கள், ஆனால் எதை எதோடு நிறுப்பது என்பது கேட்பவருக்குப் பிடிபடாது. கடலோரக் கிணறு ஒன்றை எடுத்துக்கொண்டால் பிடிபடும்.

தண்ணீரின் மேல் தேங்காயெண்ணெய் மிதப்பதுபோல, குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கரையோர மணலுக்கு அடியில் மழைநீர் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம், கடல் நீர் சுமார் 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசம்தான் இரண்டையும் பிரித்து நிறுத்துகிறது. 1,000-ஐ 25-ஆல் வகுத்தால் 40 வரும். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது இதன் பொருள்.

அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை அரை மீட்டர் நிரந்தரமாக இறக்கிவிட்டால், கீழேயிருந்து உப்புநீர் மெல்ல மெல்ல 20 மீட்டர் ஏறும். கிணற்றைப் பார்த்தால் தண்ணீர் கொஞ்சம்தானே இறங்கியிருக்கிறது என்று தோன்றும். கெடுதல் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் நடக்கிறது. ஒருமுறை உப்பு ஏறிய கிணறு ஒரு மழையில் திரும்பாது.

குர்ஆனுக்குள் நிலத்தடி நீரியல் ஒளிந்திருக்கிறது என்று வாதிடுவதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த விளையாட்டு மார்க்கத்துக்கும் நல்லதல்ல, அறிவியலுக்கும் நல்லதல்ல. வசனம் வரம்பு மீறாதே என்கிறது. வரம்பு எங்கே இருக்கிறது என்பதை அளந்து கண்டுபிடிப்பது நம் வேலை.

ஒளுவுக்கு எவ்வளவு தண்ணீர்?

குழப்பம் அதிகமுள்ள இடம் இது. தண்ணீர் தாராளமாக ஓடினால்தான் சுத்தம் முழுமையாகும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஹதீஸ், அதாவது நபியவர்களின் சொல், செயல் பற்றிய பதிவு, நேர்மாறாகச் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது.

இந்த முத்து கடலில் எடுப்பது அல்ல, ஒரு முகத்தலளவை. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ, நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ராவுக்கு அரிசி அளக்கும்போது எல்லோரும் கேட்டிருக்கும் அதே ஸாஉ. ஷாஃபிஈ, ஹனஃபி என்பவை இஸ்லாமியச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள். ஷாஃபிஈ கணக்கில் ஒரு முத்து முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், ஹனஃபி கணக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டராகவும் வரும். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒளுவுக்கு ஒரு லிட்டர், முழுக் குளிப்புக்கு அதிகம் போனால் ஐந்து லிட்டர்.

இப்போது உங்கள் பள்ளிவாசல் குழாயை அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளியை வைத்து, வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், ஒன்றரை நிமிடம் குழாயை மூடாமல் ஒளு செய்பவர் 15 லிட்டர் செலவழிக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு 200 பேர் வந்தால் 3,000 லிட்டர். ஆளுக்கு 2 லிட்டர் என்று வைத்தால், அதாவது நபிவழியான சுன்னத் அளவைவிட இரண்டு மடங்கு கொடுத்தால்கூட, 400 லிட்டரில் முடிந்துவிடும்.

அந்த மிச்சம் உறுப்பைக் கழுவுவதில் போகவில்லை. சட்டைக் கையை மடிக்கும்போது, தாடியைக் கோதும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் சலாம் சொல்லி நலம் விசாரிக்கும்போது குழாய் தன் பாட்டுக்கு ஓடுகிறது. பழைய வீடுகளில் மூக்கு வைத்த கிண்டி இருந்தது. கிண்டியைக் கீழே வைத்தால் தண்ணீர் நின்றுவிடும். குழாயைக் கீழே வைக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளிவாசலின் ஒளுத் தொட்டியான ஹவுள் பெரிதாக இருப்பதைக் காட்டி, மார்க்கமே நிறையத் தண்ணீர் வேண்டும் என்கிறதே என்பவர்களும் உண்டு. ஷாஃபிஈ சட்டத்தில் சுமார் 200 லிட்டர், அதாவது இரண்டு குல்லா, ஹனஃபியில் பத்துக்குப் பத்து முழத் தொட்டி என்று சொல்லப்படும் அளவுகள், தேங்கிய நீரில் ஏதேனும் பட்டால் அது எளிதில் அசுத்தமாகிவிடாமல் இருப்பதற்கானவை. ஹவுளின் கொள்ளளவுக்கும் ஒருவர் செலவழிக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை.

வீண்விரயத்துக்கு இஸ்ராஃப் என்று பெயர். அனுமதிக்கப்பட்ட காரியத்திலேயே அளவைத் தாண்டுவது இஸ்ராஃப். “உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள்” என்ற 7:31 சொல்வது இதைத்தான். ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் விரயம் கூடாது என்று தம் தோழர் ஸஅத் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னதாக இப்னு மாஜா என்ற தொகுப்பில் வரும் ஹதீஸ் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்துறையினர் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் அந்த ஒரு ஹதீஸில் தொங்கவில்லை, முத்துக் கணக்கு உறுதியான ஹதீஸ். கடற்கரையில் இருந்தாலும் ஒளுவில் விரயம் கூடாது என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்தில் இருப்பதாக இமாம் நவவி எழுதியிருக்கிறார்.

சட்டம் எங்கே கடுமையாகிறது என்று பாருங்கள். ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறை கழுவுவது சுன்னத், நான்காவது மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது. சொந்தத் தண்ணீருக்கு இந்த அளவு. பள்ளிவாசல் தண்ணீரோ வக்ஃபு, ஒரு நோக்கத்துக்கென்று இறைவனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொதுச்சொத்து. ஒளுவுக்கென்று வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீரில் மூன்றைத் தாண்டுவது ஹராம், அதாவது தடுக்கப்பட்டது என்கின்றன ஷாஃபிஈ சட்ட நூல்கள். வீட்டில் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டுப் பள்ளிவாசலில் தாராளம் காட்டுவது சட்டப்படி தலைகீழ்.

இதுவரை: ஒளுவுக்கு ஒரு லிட்டர் போதும், பெரிய ஹவுள் அதற்கு விதிவிலக்கு அல்ல, பொதுத் தண்ணீரில் விரயம் இன்னும் பெரிய குற்றம்.

குழாயில் என்ன மாற்றலாம், எது சொதப்பும்?

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. ஒளு வரிசைக்குப் போகும் பைப்பில் கேட்வால்வு இருக்கும், அதைப் பாதி மூடிவிட்டு மறுபடி வாளி வைத்து அளக்க வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் அளவுக்கு வந்தால் போதும். கடைசிக் குழாயையும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழாய் சரியாக இருக்கும்போது கடைசியில் சொட்டு சொட்டாக வரும். அங்கே உட்கார்ந்தவர் மோதினாரிடம் புகார் சொல்வார், மறுநாள் வால்வு முழுசாகத் திறந்துகிடக்கும்.

குழாய் நுனியில் மாட்டும் சல்லடை மூடி தண்ணீரில் காற்றைக் கலந்து அளவைக் குறைக்கும். தொட்டி உயரம் குறைவான பள்ளிவாசல்களில் அது சரிப்படாது, போதிய அழுத்தம் இருக்காது. போர்வெல் தண்ணீரில் இரும்புக்கறை இருந்தால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடித் தானே நிற்கும் குழாய் விலை கூடுதல். உள்ளே ரப்பர் வாஷரில் மணல் சிக்கினால் நிற்காமல் கசியும். மாற்று வாஷர் பள்ளிவாசல் பெட்டியிலேயே இருந்தால்தான் அதைப் போடலாம்.

வெளியேறும் தண்ணீரிலும் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஒளுவில் உறுப்பைக் கழுவி விழுந்த நீர் முஸ்தஃமல், பயன்படுத்தப்பட்ட நீர். ஷாஃபிஈயில் அது சுத்தமானதுதான், ஆனால் அதைக் கொண்டு மறுபடி ஒளு செய்ய முடியாது. ஆகவே மரத்துக்கு விடுவதில் எந்தத் தடையும் இல்லை. கோடையில் ஒரு தென்னைக்கு நாளுக்குச் சுமார் 50 லிட்டர் வேண்டும். ஐந்து வேளைக்கும் சேர்த்து 300 ஒளு, ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 600 லிட்டர், பன்னிரண்டு தென்னை.

வரிசையிலிருந்து தனி பைப், நடுவில் மணல் படிய ஒரு சிறு தொட்டி, அங்கிருந்து மரத்தைச் சுற்றி ஏறக்குறைய 2 மீட்டர் ஆரத்தில் எடுத்த தடத்துக்கு வாய்க்கால். கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: செலவு மிச்சம் என்று கழிவறை பைப்பை இதிலேயே இணைத்துவிடுவார்கள். இணைத்த நாளோடு அது நஜீஸ், அசுத்த நீர், தோப்புத் திட்டம் முடிந்தது. சிறு தொட்டியை மூடாமல் விட்டால் ஒரே வாரத்தில் கொசு.

அடுத்த வீட்டுக் கிணறு

“தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கும் கூடாது” என்ற ஹதீஸை அறிஞர்கள் ஒரு பொதுவிதியாகவே எடுத்துக்கொண்டார்கள். என் நிலத்தில் நான் செய்வது உன் நிலத்தைக் கெடுத்தால் என் உரிமை அங்கே நின்றுவிடும். நீர்நிலை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்ற அபூதாவூத் ஹதீஸும் இதே வகை. குளிக்கும் கடவில் அசுத்தம் செய்வதற்கு அன்று சொன்னது, கழிவு பைப்பை வாய்க்காலில் திருப்பிவிடுவதற்கும் பொருந்தும்.

நம் மாவட்டத்தில் இது கிணற்றுப் பிரச்சினை. கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஐந்து சென்ட் மனை ஏறக்குறைய 202 சதுர மீட்டர், சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 14 மீட்டர். மூலைக்கு மூலை வைத்தால் சொந்தக் கிணறு தப்பும், ஆனால் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றை ஒட்டிப் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, சர்வே நம்பர்தான் அப்படிப் பிரிந்திருக்கிறது. தீர்வும் தனித்தனியாகக் கிடைக்காது: நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கிணறுகளை ஒரு பக்கமும் குழிகளை மறுபக்கமும் ஒதுக்க வேண்டும்.

இன்னொரு தவறு காலக் கணக்கில் நடக்கிறது. ஏப்ரலில் குழி வெட்டும்போது அடி காய்ந்துகிடக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை பெய்யும் ஊர் இது. அக்டோபரில் நீர்மட்டம் ஏறியதும் குழியின் அடி நிலத்தடி நீரிலேயே நிற்கும், மண் வடிகட்ட வாய்ப்பே இருக்காது. மழைக்காலத்தில் கிணற்றில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குறித்துவைத்து, அதற்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் குழியின் அடி அமைய வேண்டும். இடமில்லையென்றால் கசியாத தொட்டி கட்டி லாரியில் எடுத்துவிடுவதே வழி.

கிணற்றைச் சுற்றிப் பிறர் கை வைக்கக்கூடாத எல்லையை இஸ்லாமியச் சட்டம் ஹரீம் என்கிறது. கிணறு தோண்டியவருக்குக் கால்நடை நிறுத்த 40 முழம் உரியது என்று இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. 40 முழம் என்றால் ஏறக்குறைய 18 மீட்டர்தான். எண் ஒத்துப்போவது தற்செயல், அதை அற்புதமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். கிணற்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதுதான் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

தடைக்காலமும் ஹிமாவும்

மீன்பிடித் தடைக்காலம் நமக்கு இரண்டு முறை வரும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடல் எல்லோருக்கும் பொது, அதனாலேயே கொஞ்ச நாள் எல்லோருக்கும் அடைத்து வைக்கிறார்கள்.

பொது இடத்தைப் பொது நன்மைக்காக இப்படி ஒதுக்கிவைப்பது ஹிமா. அரேபியாவில் இஸ்லாத்துக்கு முன்பே இது இருந்தது, ஆனால் வலிமையான தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தங்களுக்கென்று வளைத்துக்கொள்ளும் வழியாக இருந்தது. “அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே தவிர ஹிமா இல்லை” என்று நபியவர்கள் அந்தத் தனியார் வளைப்பை ஒழித்தார்கள் (புகாரி). தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பதும் ஹதீஸ்.

நபியவர்களுக்குப் பின் இரண்டாவதாக ஆட்சிப் பொறுப்பேற்ற உமர் (ரலி) தம் ஆட்சியில் ஹிமாவுக்குப் பொறுப்பாளராக ஹுனை என்பவரை வைத்தார். அவருக்கு இட்ட கட்டளையும் புகாரியில் இருக்கிறது: சிறு மந்தைக்காரர்களை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே. அந்த இருவரும் நபியவர்களின் மிக நெருங்கிய தோழர்கள், பெரும் செல்வந்தர்கள். அவர்கள் கால்நடை செத்தால் தோப்புக்கும் வயலுக்கும் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள், ஏழையின் மந்தை செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான் என்று உமர் காரணமும் சொல்கிறார். இயற்கையைக் காப்பது என்ற பெயரில் ஏழையை மட்டும் வெளியே நிறுத்தும் ஏற்பாட்டுக்கு ஹிமா என்று பெயர் சூட்ட முடியாது.

கன்று நடுவது பற்றி

ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதனோ விலங்கோ தின்றால் அது அவருக்குத் தர்மம் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். சொற்களைக் கவனித்தால், தின்னும்போதுதான் தர்மம். ஜூனில் மழை தானே பார்த்துக்கொள்ளும். கன்று சாவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில். ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு முறை ஒரு வாளித் தண்ணீர், தடத்தில் ஒரு சாண் கனத்துக்குத் தேங்காய்த் தொண்டும் சருகும், ஆட்டுக்குக் கூண்டு. கூண்டைப் பொதுவாக யாரும் மறப்பதில்லை, அதில் பெயர்ப்பலகை மாட்டலாம். தண்ணீர் ஊற்றும் முறைதான் விட்டுப்போகும். நடும் அன்றே ஜமாஅத் நோட்டில் ஒவ்வொரு கன்றுக்கும் எதிரே ஒரு வீட்டுப் பெயரும், ஜனவரியிலிருந்து எந்தெந்தக் கிழமை என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஒளு வரிசைக்கு வெளியே நட்டால் அந்த நோட்டும் தேவையில்லை, பைப்பைத் திருப்பிவிட்டால் போதும்.